கொங்கு என்னும் சொல்லும் நான்கு தேனீக்களும்

(பத்தாம் ஆண்டு விழாவுக்கு முந்தைய திங்கட்கூட்டத்தில், வீரபாண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மலருக்காக ஒவ்வொருவரும் ஓர் உரை ஆற்ற வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது கம்பரை ஒருவர் எடுத்துக்கொண்டார். பாரதியை இருவர் எடுத்துக்கொண்டனர். புதுக்கவிதைக்குப் போட்டியே ஏற்பட்டது. எனக்கு எஞ்சியது ஈ. நல்லவேளையாக அது தேனீயாக அமைந்தது. நான் பூச்சியியல் கற்றவன் அல்லன். காங்கயத்துக்குக் கிழக்கே கொரங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, முப்பது ஆண்டு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இப்பொருளைப் பேச எனக்குள்ள தகுதி, தேனீக்கு நான் இழைத்த ஒரு பிழை. அதைப் பின்னர் கூறுகிறேன்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு நாம் அனைவரும் அறிந்தது. இறையனார் பெயரால் வழங்குவது. தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்ததாகத் திருவிளையாடற் கதை கூறும் பாட்டும் அதுவே. கூந்தலின் மணம் பற்றிய அந்த வழக்கில் நக்கீரரை நினைவில் வைத்திருக்கிறோம், சொக்கநாதரை வைத்திருக்கிறோம், தருமியைத் திரைப்படத்தின் புண்ணியத்தால் மறக்கவே முடியாது. ஆனால் சாட்சியாக அழைக்கப்பட்ட தும்பியை யாரும் விசாரிப்பதில்லை. என் மனம் குளிரட்டும் என்று எதையும் கூறாதே, நீ அறிந்ததைக் கூறு என்பதே அத்தும்பியிடம் தலைவன் வைக்கும் வேண்டுகோள். அப்பாட்டின் முதற்சொல் 'கொங்கு'. பூந்தாது என்றும் தேன் என்றும் மணம் என்றும் அதற்குப் பொருள். நம் நாட்டுக்குப் பெயர் வந்தது அச்சொல்லாலேயே என்று காண்பாரும் உளர். பெயர்க்காரணத்தில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. தேன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய நாட்டில் தேனீக்களின் நிலை என்ன என்பது மட்டுமே என் கேள்வி.

பழைய கவிஞர்கள் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பிரித்துப் பாடினர். எச்சொல் எவ்வுயிரைக் குறித்தது என்று இன்று துணிந்து கூற இயலாது. உரையாசிரியர்களே வண்டின் சாதி வேறுபாடு என்று கூறிக் கடந்துவிட்டனர். இன்று தும்பி என்றால் தட்டானை நினைப்பவர் பலர். தேன்கூட்டுக்கு இறால் என்று ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் மீன்கடைக்கு வழி காட்டுவார்கள். சொற்கள் தேய்வது இயல்பு. ஆனால் பொருள்களையும் நாம் ஒன்றாகக் குழைத்துவிட்டோம். நம் வட்டத்தில் இந்தப் பத்தாண்டுகளில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் தேனீ எத்தனையோ முறை வந்துவிட்டது. ஒருமுறையேனும் எந்தத் தேனீ என்று கேட்டவர் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

நம் பக்கத்தில் தேன் சேர்ப்பவை நான்கு. முதலாவது மலைத்தேனீ. உருவில் பெரியது, நிறத்தில் கருமையும் செம்பழுப்பும் கலந்தது. பாறை முகட்டிலும் ஓங்கிய ஆலிலும் இலவிலும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும். அந்த அடை ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் கொள்வதுண்டு. சுவரோ கூரையோ அதற்குக் கிடையாது. ஈக்களே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கித் திரையாக நிற்கும். பெருங்குளவி நெருங்கினால் அத்திரையில் ஓர் அலை எழுந்து ஓடும். வரிசை வரிசையாக ஈக்கள் வயிற்றைத் தூக்கித் தாழ்த்துவதால் தோன்றும் அலை அது. நிலவுள்ள இரவுகளிலும் இவை பூத்தேடிப் பறக்கும். பெட்டிக்குள் அடங்காது. பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் எண்ணுகிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றோடு நான்காவதாக அவர் வைப்பது தேன். மலையுச்சித் தேன் என்பதால் அது இந்தத் தேனீயின் உழைப்பாகவே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அடுக்குத் தேனீ. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் புற்றிலும் இருட்டில் வாழும். பல அடைகளை இணையாக அடுக்கிக் கட்டுவதால் அப்பெயர். பெட்டியில் வளர்வது இது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இந்த ஈயின் அளவறிந்து சிறிய பெட்டி ஒன்றை அமைத்தார். நியூட்டன் பெட்டி என்றே இன்றும் வழங்குகிறது. பிறகு 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியின் வழியாகக் குமரி மாவட்டமெங்கும் தேனீ வளர்ப்பு வேரூன்றியது. கதர் இயக்கமும் இதைத் தன் கைத்தொழில்களில் ஒன்றாக ஏற்றது. கதர்க்கடையில் துணிக்குப் பக்கத்தில் தேன் புட்டி நிற்பதன் காரணம் அதுதான். நூலும் தேனும் ஒரே அலமாரியில் இருந்த ஊர் நம்முடையது.

மூன்றாவது கொம்புத் தேனீ. புதரிலும் வேலியிலும் ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கையளவு அடை கட்டும். எறும்பு ஏறாதிருக்கக் குச்சியின் இரு பக்கமும் பிசின் பூசி வைக்கும். கவிஞர்கள் இதை அவசியம் காண வேண்டும். தேனீ நடனத்தின் பொருளை விளக்கியவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். அதற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்தார். பொந்தின் இருட்டில் ஆடும் தேனீ, பூ இருக்கும் திசையைச் செங்குத்தான அடையில் வேறொரு கோணமாக மாற்றிக் காட்ட வேண்டும். அதாவது உருவகம் செய்ய வேண்டும். கொம்புத் தேனீயோ அடையின் மேற்பரப்பில், வெயிலில், மேடை போன்ற சமதளத்தில் ஆடுகிறது. பூ இருக்கும் திசையை நேராகவே சுட்டுகிறது. உவமையும் வேண்டாம், உருவகமும் வேண்டாம். புதுக்கவிதைக்காரர்கள் கட்சி!

நான்காவது கொசுத்தேனீ. கொசுவளவே இருக்கும். கொட்டாது, கொடுக்கு இருந்தும் பயன்படாத அளவுக்குக் குறுகிவிட்டது. அறுகோண அறைகளில் தேன் வைப்பதில்லை. மெழுகும் பிசினும் குழைத்துச் சிறு குடங்கள் செய்து அவற்றில் சேர்க்கிறது. விலங்கியலார் முதல் மூன்றையும் ஒரே பேரினமாகவும் இதைத் தூரத்து உறவாகவும் கொள்வர். நம் பாட்டிமார் அப்படிப் பிரித்ததில்லை. சித்த மருத்துவ நூல்கள் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று வகுப்பதைப் பாருங்கள். தேனை அது இருந்த வீட்டைக் கொண்டே பெயரிட்டிருக்கிறார்கள். வீடு போனால் பெயரும் போய்விடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் கணக்கு எழுதிய கம்பெனியில், ஒரு மாசி மாதம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் மலைத்தேனீக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இரவு ஷிப்ட் ஓடியபோது வெளிச்சத்தை நாடி ஈக்கள் உள்ளே வந்து விளக்கைச் சுற்றி விழத் தொடங்கின. செக்கிங் பகுதியில் ஒரு பெண்ணுக்குக் கொட்டு விழுந்து முகம் வீங்கியது. முதலாளி அஞ்சியதில் தவறில்லை. இருநூறு பேர் வேலை செய்யும் இடம். இரண்டு ஆட்களை வரவழைத்தார்கள். நீண்ட குச்சியின் முனையில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் செய்தார்கள். இரவு பத்து மணிக்குக் கொளுத்தினார்கள். மறுநாள் காலை மாடிக்குப் போனேன். ஈக்கள் தரையில் அரைச் சாண் உயரத்துக்குக் குவிந்திருந்தன. சில இன்னும் நடந்துகொண்டிருந்தன. பெருக்கி அள்ளிச் சாக்கில் கட்டினார்கள். நான் கீழே வந்து 'மராமத்துச் செலவு' என்ற தலைப்பில், தேன்கூடு அகற்றிய வகை என்று எழுதி, கூலியையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து ரூ. 1,500 பற்று வைத்தேன்.

அதே மாதம் நம் வட்டத்தில் உழைப்பைப் பற்றி ஒரு கவிதை வாசித்தேன். சுறுசுறுப்புக்குத் தேனீயை உவமை கூறியிருந்தேன். இங்குள்ள சிலருக்கு நினைவிருக்கலாம். கைதட்டினீர்கள்.

வீடு திரும்பும்போதுதான் அந்தப் பற்றுச்சீட்டு நினைவுக்கு வந்தது. அதன்பின் இச்செய்திகளைத் தேடிப் படிக்கலானேன். முதலில் தெரிந்துகொண்டது, பொறுத்திருந்தால் அவை தாமாகவே போயிருக்கும் என்பது. மலைத்தேனீ ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. பூக்காலத்துக்கு வந்து, குஞ்சு வளர்த்து, சில மாதங்களில் கூட்டை விட்டு மலைப்பக்கம் பறந்துவிடும். இரவில் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்தோ சன்னலில் திரையிட்டோ அக்காலத்தைக் கழித்திருக்கலாம். துணிக்கா எங்களுக்குப் பஞ்சம்? மலைத்தேனீயின் அடையில் தேன் முழுவதும் ஒரு மேல் மூலையில்தான் இருக்கும். எஞ்சியது குஞ்சு. நீலகிரிக் குறும்பர் பாறையில் கொடி ஏணி கட்டி இறங்கி, புகை காட்டி ஈக்களை விலக்குகிறார்கள். இறங்குமுன் தேனீயை அழைத்துப் பாடுவதும், ஏணியைக் காக்க மைத்துனனை நிறுத்துவதும் அவர்கள் மரபு என்பர். தன் உடன்பிறந்தாளை விதவையாக்க எவனும் துணிய மாட்டான் என்பது கணக்கு! 1993-இல் தொடங்கி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து, குஞ்சுப் பகுதியைக் காத்துத் தேனை மட்டும் எடுக்கும் முறைகளை நிலைநிறுத்தப் பாடுபடுகிறது. சின்ன அந்தமானில் ஓங்கி இனத்தார் தீயையே நாடுவதில்லை. ஒருவகைச் செடியின் இலையை மென்று சாற்றை உடலில் பூசிக்கொண்டு, வாயால் அதன் வாசத்தை ஊதி ஈக்களை விலக்கித் தேன் எடுக்கின்றனர். காட்டில் வாழ்பவரிடம் இலை இருந்தது. எங்களிடம் இருந்தது பனியன் வேஸ்ட்டும் மண்ணெண்ணெயும்.

தீவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் சூழ்ந்த இடங்களில் தேனீக்கள் தமக்கெனத் தனிவழியில் திரிந்து வேறினமாகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டில் 7,000-க்கும் மேற்பட்ட தீவுகள். அங்குள்ள பெருந்தேனீ நம் மலைத்தேனீயின் உறவானாலும் வேறு என்றே பல அறிஞர் கொள்கின்றனர். அங்கே மிண்டனாவோவில் உள்ள பொந்துத் தேனீ ஒன்று வடக்குத் தீவுகளில் இல்லை. கடல் அவற்றைப் பிரித்தது, பிரிவு அவற்றை வளர்த்தது. ஆனால் அதற்குப் பல்லாயிரம் தலைமுறைகள் ஆயின. நம் ஊரிலும் ஒரு தீவுக்கூட்டம் உருவாகியிருக்கிறது, ஒரே தலைமுறையில்.

இந்த வீரபாண்டியை எண்ணிப் பாருங்கள். பல்லடம் சாலை நெடுகிலும் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங். நடுநடுவே குடியிருப்புகள், தகரக் கொட்டகைகள், லாரி நிறுத்தங்கள். இவற்றுக்கிடையில் ஒரு கோயில் அரசு, இரண்டு வேம்பு, விற்காமல் மிஞ்சிய ஒரு தோட்டம், அதன் ஓரத்தில் ஒரு கிளுவை வேலி. மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறக்க வல்லது. அதற்கு இவை ஒரே ஊர். அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் உழைப்பது. கொம்புத் தேனீயின் எல்லை அதனினும் குறுகியது. கொசுத்தேனீக்குச் சில நூறு மீட்டர்தான் உலகம். கோயில் அரசுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இடையிலுள்ள சிமெண்டுத் தரை நமக்கு ஐந்து நிமிட நடை, அதற்குக் கடல். நடுவே இருக்கும் ஒரு புங்கனை வெட்டினால் ஒரு தீவு மூழ்கிவிடும். நொய்யல் ஓரத்தில் சாயக்கழிவால் உப்பேறிய கிணறுகளும், அவற்றை நம்பியிருந்து தரிசாகிப்போன தோட்டங்களும் எத்தனை தீவுகளை மூழ்கடித்தன என்று எவரும் கணக்கு எழுதியதில்லை. நீதிமன்ற ஆணையால் 2011-இல் சாய ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களில் என் உறவினரும் இருந்தனர். ஆகவே இதை ஒருபக்கம் மட்டும் பார்த்துப் பேச எனக்கு வாய் வராது.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகள் இன்னும் ஓரளவு இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. மாட்டுக்காக எழுந்த அமைப்பு அது. ஆனால் வெள்வேல் பூத்தால் மரம் முழுவதும் ரீங்காரம் கேட்கும். சிறுவயதில் அதன் நிழலில் படுத்து, மரம்தான் முனகுகிறது என்று எண்ணியிருக்கிறேன். கொம்புத் தேனீக்கு வேலியைவிட உகந்த இடமில்லை. இன்று கிளுவையை எடுத்துவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறார்கள். மூலனூர்ப் பக்கம் முருங்கை விளைவிப்போர் கேட்க வேண்டிய செய்தி இது. முருங்கைப் பூ காயாவதற்குப் பூச்சி வேண்டும். தேனீக்களோடு, மரம் துளைத்து வாழும் கருவண்டும் அதற்குப் பெரிதும் உதவுகிறது. பட்டுப்போன மரங்களை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டால் அது எங்கே துளைக்கும்?

நாட்டுத் தேனீக்கு வந்த பெருங்கேடு ஒன்றையும் கூறாமல் விடலாகாது. 1991-92-இல் தாய்லாந்துப் பெயர் கொண்ட ஒரு நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவியது. அடுக்குத் தேனீயின் புழுக்கள் நீர் நிறைந்த பைகளைப்போல் வீங்கி மடிந்தன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெட்டிகளில் பெரும்பகுதி வெறுமையாயின. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் பெட்டியை விறகாக்கின என்று கேட்டிருக்கிறேன். அவ்விடத்தை நிரப்ப இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்தனர். 1962-இல் வடக்கே நக்ரோட்டாவில் வேரூன்றிய அந்த ஈ மிகுதியாகத் தேன் தருவது, சாதுவானது. ஆனால் மனிதர் கவனிப்பின்றி நம் காடுகளில் அது நிலைப்பதில்லை. பெட்டியோடு லாரியில் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருக்கிறது. வர்ரோவா என்னும் உண்ணி உலகெங்கும் அதன் கூட்டங்களை அழித்தது. நம் அடுக்குத் தேனீயோ அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து, அதைக் கண்டு கடித்து அகற்றப் பழகியது. நோயில் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் பின்னர் அது மெல்லப் பெருகியது. அந்தச் சில கூட்டங்களும் ஏதோ பொந்துகளில் யாரும் கவனியாமல் இருந்தவையே என்று நான் எண்ணுகிறேன்.

இவற்றை நாம் முழுதும் அறிந்துவிட்டோம் என்பதுமில்லை. டேனிஷ் அறிஞர் ஃபெப்ரீசியஸ் 1798-இல் இந்தியத் தேனீக்குப் பெயரிட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2022-இல், கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருநிறத் தேனீ தனி இனமே என்று கூறி 'ஏபிஸ் கரிஞ்சொடியன்' என்று பெயர் வைத்தனர். மலையாளத்தில் மக்கள் கருந்தேனீயை அழைக்கும் பெயரே அறிவியற் பெயராயிற்று. வகைப்பாட்டு அறிஞர் எல்லாரும் இதை ஏற்றுவிட்டனர் என்று கூறமுடியாது. ஆயினும் பேச்சு வழக்கில் ஒரு சொல் உயிரோடு இருந்ததால் ஓர் உயிருக்குப் பெயர் கிடைத்தது என்பது சொல்லை வைத்துப் பிழைக்கும் நமக்கு மகிழ்ச்சி தர வேண்டும்.

நம் பக்கத்து நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைக்குக் குளம் ஒன்று போதும், வேலி கட்டிக் காக்கலாம். தேனீக்கு அப்படி வேலி கட்ட முடியாது. அதன் சரணாலயம் சுவர் இடுக்கு, தொட்டியின் அடி, வேலிக்கொம்பு, தேநீர்க்கடை வாசல். ஆம், தேநீர்க்கடையும்தான். காகிதக் குவளையில் எஞ்சும் சர்க்கரைக்காக வந்து தேனீக்கள் மடிவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். ஷிப்ட் இடைவேளையில் நம் கம்பெனி வாசல்களில் குவியும் குவளைகளை நீங்களே பார்க்கலாம்.

தொட்டியின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மலைத்தேனீ ஆண்டுதோறும் அதே கிளைக்குத் திரும்புவதை அசாமில் மரபணுச் சோதனையால் உறுதி செய்திருக்கிறார்கள். வேலைக்கார ஈயின் ஆயுள் சில வாரங்களே. போனவை திரும்புவதில்லை. அவற்றின் பின்வந்தவைதான் திரும்புகின்றன. பார்க்காத வீட்டுக்கு அவை எப்படி வழி அறிகின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை. எங்கள் தொட்டிக்கு அடுத்த மாசியில் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த மாசியிலும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாசி பிறந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன். தொட்டியின் அடியில் புகைக்கரி மட்டும் இன்னும் இருக்கிறது. காவலாளிக்கு நான் எதற்கு வருகிறேன் என்று விளங்குவதில்லை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள் மட்டும் எஞ்சியிருக்கிறது, அது செயலாளருக்கு. நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தின் மேற்குச் சுவரில், மூன்றாவது சன்னலுக்குக் கீழே, செங்கல் பெயர்ந்த இடத்தில் விரலளவு நீளத்துக்குக் கறுத்த மெழுகுக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ அழுக்கு என்று நினைத்திருப்பீர்கள். கொசுத்தேனீயின் வாசல் அது. நான் அறிய ஆறு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. நாம் இங்கே பாடியவற்றையெல்லாம் கேட்டும் ஓடிப்போகாத ஒரே கூட்டம்! விழாவுக்காக அடுத்த வாரம் சுவருக்குப் பூச்சும் வெள்ளையும் அடிக்கப்போவதாக அறிவித்தீர்கள். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டு அடிக்குமாறு கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். அன்று காலையில் நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.